பி.டி. பருத்தி காய்ப்புழுவைத் தாங்குகிறதா? இலையும் புழுவும் வைத்துச் சோதிக்க முழுமையான வழிகாட்டி

பி.டி. பருத்தி என்பது, புழுவைக் கொல்லும் நச்சுப் புரதத்தைச் செடியே உண்டாக்கும்படி பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் (பி.டி.) என்ற பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்த பருத்தி. கொடைக்கானல் மலையில் உள்ள பண்ணைக்காட்டில் எங்கள் வீட்டுப் பின்னறைதான் அதற்குச் சோதனை அறை. இந்த உயரத்தில் நாங்கள் பருத்தி போடுவதில்லை. மச்சான் வயல் மலைக்குக் கீழே, வத்தலக்குண்டு பக்கம். கீழே பறித்த இலையை மலைமேல் தூக்கி வருவது வீண் வேலையாகத் தோன்றும். ஆனால் கீழே பகலில் அறைச் சூடு 35 டிகிரியைத் தாண்டும்போது புழு வளர்ப்பு குலைந்துவிடும். அறையைக் குளிரவைக்க ஏ.சி. வேண்டும், சூடேற்ற ஒரு பல்பு போதும்.

கற்றுக்கொள்ள வந்தவர்களில் பெரும்பாலோர் ஒரே இடத்தில் தடுக்கியதைப் பார்த்திருக்கிறேன். பி.டி. இலையில் புழு செத்ததும் "விதை நல்ல விதை" என்று எழுதிவிடுவார்கள். பி.டி. இல்லாத இலையில் விட்ட புழு உயிரோடு கொழுத்து வளர்ந்திருந்தால்தான் அந்தச் சாவுக்கு அர்த்தம். கீழே வரும் படிகளில் பாதிக்கு மேல் அந்த ஒரு ஒப்பீட்டைக் காப்பாற்றத்தான்.

1. எந்தப் புழு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

எல்லாப் புழுவையும் பி.டி. பருத்தி கொல்லாது. இன்று கடையில் கிடைக்கும் விதைகளில் பெரும்பாலும் இரண்டு நச்சுப் புரதங்கள் இருக்கும்: க்ரை 1ஏசி, க்ரை 2ஏபி. இவை குறிவைப்பது காய்ப்புழுக்களை: பச்சைக் காய்ப்புழு (அமெரிக்கன் காய்ப்புழு என்பதும் இதுவே), புள்ளிக் காய்ப்புழு, இளஞ்சிவப்புக் காய்ப்புழு.

புகையிலை வெட்டுப்புழுவுக்கு, அதாவது நம்மாட்கள் புரோடீனியா என்று சொல்லும் புழுவுக்கு, க்ரை 1ஏசி அநேகமாக ஒன்றும் செய்யாது. க்ரை 2ஏபி ஓரளவு தடுக்கும். இந்தப் புழுவை இலையில் விட்டு, அது தின்றுகொண்டே இருப்பதைப் பார்த்து "விதை போலி" என்று சண்டைக்குப் போனவர்கள் உண்டு. முட்டையைப் பார்த்தாலே தெரியும்: வெட்டுப்புழு முட்டையைக் குவியலாக இட்டுப் பழுப்பு ரோமத்தால் மூடிவைக்கும், பச்சைக் காய்ப்புழு ஒவ்வொன்றாகத் தனித்தனியே இடும்.

புதிதாகத் தொடங்குபவர் பச்சைக் காய்ப்புழுவை எடுத்துக்கொள்ளுங்கள். இலையைத் தின்னும், வளர்க்க எளிது, கண்ணுக்குத் தெரியும். இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு இலைச் சோதனை உதவாது. அதற்குத் தனி வழி 10ஆம் பகுதியில்.

2. நாளைப் பின்னோக்கி எண்ணுங்கள்

இலை காத்திருக்கும், புழு காத்திருக்காது. பொரிந்து ஒரு நாளுக்குள் இருக்கும் குஞ்சுப்புழுதான் நமக்குத் தேவை. வயலில் பிடித்த புழு கூட்டுப்புழுவாகி, அந்துப்பூச்சியாகி, முட்டையிட்டு, அது பொரிய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். ஆகவே இலை பறிக்கும் நாளைக் குறித்துவிட்டு, அதற்கு ஐந்து வாரம் முன்பே புழு பிடிக்கப் போங்கள். கூடுதலாக வைத்திருக்கும் அந்த ஒரு வாரம் மலைக் குளிருக்காக.

செடியின் வயதும் கணக்கில் வர வேண்டும். விதைத்து 60, 90, 120ஆம் நாட்களில் மூன்று தடவை சோதியுங்கள். வயது ஏற ஏறச் செடியில் க்ரை 1ஏசி குறையும். 110 நாளுக்கு மேல் பச்சைக் காய்ப்புழுவைக் கொல்லும் அளவுக்குக் கீழே போய்விடுவதும் உண்டு. 60ஆம் நாள் மட்டும் சோதித்து மனநிறைவு அடைந்தவர், காய் பிடிக்கும் நேரத்தில் வயலில் புழுவைப் பார்த்துத் திகைப்பார்.

3. கையில் இருக்க வேண்டியவை

மூடியுள்ள சிறு பிளாஸ்டிக் டப்பாக்கள் 100. அகர் தூள். மிக மெல்லிய ஓவியப் பிரஷ் இரண்டு. பி.டி. கண்டறியும் பட்டைகள்; இரண்டு புரதத்தையும் காட்டும் வகையாகக் கேட்டு வாங்குங்கள். கைலென்ஸ். வெப்பமானி. தெர்மாகோல் பெட்டி, பல்பு, சூட்டை ஒரே அளவில் வைக்கும் தெர்மோஸ்டாட். ஒரு நோட்டு, அழியாத மை பேனா.

சோதனைச் செடி கடையில் பில் போட்டு வாங்கிய, அனுமதி பெற்ற பி.டி. விதையில் வந்ததாக இருக்கட்டும். களைக்கொல்லியைத் தாங்கும் பருத்தி என்று மறைவாக விற்கும் விதைக்கு இந்தியாவில் சாகுபடி அனுமதி இல்லை. அதை வயலிலும் போட வேண்டாம், சோதனைக்கும் எடுக்க வேண்டாம்.

4. புழுவைப் பிடித்து ஒரு தலைமுறை வளர்ப்பது

மலையடிவாரத்தில் தக்காளி, துவரை, கொண்டைக்கடலை வயல்களில் பச்சைக் காய்ப்புழு கிடைக்கும். மருந்து அடிக்காத வயலாகத் தேடுங்கள். குறைந்தது 40 புழுக்களாவது எடுங்கள். நாலைந்து புழுவின் வாரிசுகளை மட்டும் வைத்துச் சோதித்தால் அது ஒரே குடும்பத்தின் குணத்தைத்தான் காட்டும். ஒவ்வொன்றையும் தனி டப்பாவில் போடுங்கள். ஒன்றாகப் போட்டால் ஒன்றை ஒன்று தின்றுவிடும்.

பிடித்த புழுவை நேராகச் சோதனைக்கு எடுக்காதீர்கள். இதற்கு மூன்று காரணம். அது வயலில் என்ன தின்றது என்று நமக்குத் தெரியாது. வளர்ந்த புழு நச்சை அதிகம் தாங்கும். மூன்றாவதுதான் அதிகம் ஏமாற்றுவது: வயல் புழுக்களில் பலவற்றின் உடம்புக்குள் ஒட்டுண்ணிக் குளவியின் குஞ்சு இருக்கும். நான்காம் நாள் புழு சுருண்டு சாகும், பக்கத்தில் சின்னக் கூடு ஒன்று கிடக்கும். பி.டி. கொன்றதாக நாம் எழுதிவிடுவோம்.

கொண்டைக்கடலை மாவு, ஈஸ்ட், வைட்டமின் சி, அகர் கலந்த செயற்கை உணவில் வளர்க்கலாம். அவ்வளவு வேண்டாம் என்றால் ஊறவைத்த கொண்டைக்கடலை போதும். தினமும் மாற்ற வேண்டும். புழு வளர்ந்ததும் டப்பாவில் ஈர மணல் போடுங்கள், அதற்குள் புகுந்து கூட்டுப்புழுவாகும்.

வெளிவரும் அந்துப்பூச்சியில் ஆண் பச்சை கலந்த சாம்பல் நிறம், பெண் செம்பழுப்பு. பத்து ஜோடியை ஒரு வாளியில் விட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி, 10 சதவீதத் தேன் தண்ணீரைப் பஞ்சில் நனைத்து வையுங்கள். இரவில் துணியில் முட்டை இடும். முட்டை முதலில் வெளிர் மஞ்சள். கறுக்கத் தொடங்கினால் அடுத்த நாள் பொரியும். இலை பறிக்க ஆள் அனுப்ப வேண்டிய நேரம் அதுதான்.

புழு தலைகீழாகத் தொங்கி, தொட்டால் கூழாக உடைந்தால் அது வைரஸ் நோய். அந்தக் கூட்டத்தை முழுதுமாக அழித்துவிட்டு, எல்லா டப்பாவையும் பிளீச்சிங் கரைசலில் கழுவி, முதலிலிருந்து தொடங்குங்கள். நல்ல புழுவைப் பிரித்தெடுத்துக் காப்பாற்றலாம் என்று நானும் முயன்றிருக்கிறேன். ஒரு வாரத்தில் அவையும் தொங்கின.

வயல் புழுவோடு சேர்த்து, பி.டி.யையே பார்க்காத ஆய்வகப் புழுவும் கிடைத்தால் மிக நல்லது. பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிலையம் உயிருள்ள பூச்சி வளர்ப்புகளைக் கொடுக்கிறது. ஆய்வகப் புழு செத்து வயல் புழு பிழைத்தால் பிரச்சினை புழுவிடம். இரண்டுமே பிழைத்தால் பிரச்சினை இலையிடம். இது இல்லாமல் அந்தக் கேள்விக்கு விடை சொல்வது கடினம்.

5. ஒப்பீட்டுச் செடியைத் தயார் செய்வது

பி.டி. இல்லாத செடி அதே வயலில், அதே நாளில் விதைத்து, அதே உரமும் தண்ணீரும் பெற்றதாக இருக்க வேண்டும். அதே வீரிய ஒட்டு ரகத்தின் பி.டி. இல்லாத வடிவம் கிடைத்தால் அதுவே சிறந்தது. கிடைக்காவிட்டால் சுரபி, எஸ்.வி.பி.ஆர். 2 போன்ற ரகம் இரண்டாம்பட்சம். கருங்கண்ணி வேண்டாம், அது நாட்டுப் பருத்தி, இனமே வேறு. இலையின் தன்மை வேறு என்பதால் புழு வளரும் வேகமும் வேறுபடலாம். அந்த வேறுபாட்டை நச்சின் கணக்கில் எழுதிவிடுவோம்.

சோதனை வரிசைகளில் இலை பறிப்பதற்கு முந்தைய மூன்று வாரம் எந்தப் பூச்சிமருந்தும் அடிக்கக் கூடாது. வேப்பங்கொட்டைக் கரைசல்கூட வேண்டாம். ஒருமுறை பக்கத்து வயலில் விசைத்தெளிப்பான் ஓட்டியது எங்களுக்குத் தெரியாது. இலை வந்தது, புழு விட்டோம், மறுநாள் காலை இரண்டு பக்கமும் ஒரே சாவு. ஒரு மாத உழைப்பு போனது. அதிலிருந்து வயலின் நடுவில்தான் செடியைத் தேர்வு செய்கிறோம், பக்கத்து வயல்காரரிடமும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறோம்.

தண்ணீர் இல்லாமல் வாடிய செடி, நோய் பிடித்த செடி, சாறு உறிஞ்சும் பூச்சியால் இலை சுருண்ட செடி எதுவும் வேண்டாம்.

6. ஒவ்வொரு செடியையும் பட்டையால் சோதித்து அடையாளம் கட்டுங்கள்

பலர் தாண்டிப் போகும் படி இது. இப்போது விற்கும் பாக்கெட்டில் பி.டி. விதையோடு 5 முதல் 10 சதவீதம் பி.டி. இல்லாத விதையும் கலந்தே வருகிறது. புழு எதிர்ப்புத் திறன் பெறுவதைத் தள்ளிப்போட அப்படி ஏற்பாடு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். பி.டி. என்று நம்பி நீங்கள் பறித்த இலை அந்தக் கலப்புச் செடியாக இருந்தால், புழு சுகமாக வளரும். நீங்கள் "எதிர்ப்புத் திறன் வந்துவிட்டது" என்று ஊரைக் கூட்டுவீர்கள்.

செய்முறை எளிது. நகத்தளவு இளம் இலையைச் சிறு குழாயில் போட்டு, கூட வரும் கரைசலை ஊற்றி நசுக்கிப் பட்டையை நிறுத்துங்கள். பத்து நிமிடத்துக்குள் கோடுகள் வரும். மேலே உள்ள கட்டுப்பாட்டுக் கோடு வராவிட்டால் பட்டையே பழுது, அந்த முடிவைக் குப்பையில் போடுங்கள். கட்டுப்பாட்டுக் கோட்டோடு இரண்டு புரதக் கோடும் வந்தால் செடியில் சிவப்பு நாடா. கட்டுப்பாட்டுக் கோடு மட்டும் வந்தால் வெள்ளை நாடா.

பட்டை "இருக்கிறது, இல்லை" என்று மட்டும் சொல்லும். எவ்வளவு இருக்கிறது என்பதற்கு எலிசா சோதனை தேவை, அது ஆய்வக வேலை. கோடு பளிச்சென்று இருப்பதால் நச்சு அதிகம் என்று எழுதாதீர்கள்.

பத்து சிவப்பு நாடாச் செடி, பத்து வெள்ளை நாடாச் செடி. இவ்வளவுதான் தேவை.

7. இலை பறிப்பதும் மலைக்கு ஏற்றுவதும்

ஒவ்வொரு செடியிலும் நுனியிலிருந்து மூன்றாவது அல்லது நான்காவது, முழுதாக விரிந்த இலை. எல்லாச் செடியிலும் அதே இடத்து இலைதான். செடியின் பாகத்துக்குப் பாகம் நச்சின் அளவு மாறும்: இலையில் அதிகம், சப்பையிலும் (பூ மொட்டு) காயிலும் குறைவு, பூவில் மிகக் குறைவு. ஒன்றில் நுனியிலை, இன்னொன்றில் அடியிலை என்று பறித்தால் செடிகளை ஒப்பிட முடியாது.

விடியற்காலையில் காம்போடு பறியுங்கள். காம்பை ஈரப் பஞ்சில் சுற்றி, செடி எண் எழுதிய துளையிட்ட பாலித்தீன் பையில் தனித்தனியே போட்டு, தெர்மாகோல் பெட்டியில் வையுங்கள். பனிக்கட்டி வைத்தால் நடுவில் மடித்த செய்தித்தாள் வேண்டும். இலையில் பட்டால் அந்த இடம் கருகும். வெள்ளை நாடா இலையும் அதே பெட்டியில், அதே பயணத்தில் வர வேண்டும். வாடினால் இரண்டும் ஒன்றாக வாடட்டும்.

அன்றைக்கே புழு விட வேண்டும்.

8. புழு விடுவது

முந்தின நாளே 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் அகர் காய்ச்சி, டப்பா அடியில் மெல்லிய தளமாக ஊற்றி ஆறவிடுங்கள். இலை வாடாமல் இருக்க அந்த ஈரம் போதும். ஆறுவதற்கு முன் மூடினால் மூடியில் நீர் கோத்துச் சொட்டும்; குஞ்சுப்புழு ஒரு சொட்டிலேயே மூழ்கிவிடும்.

டப்பாவில் "பி.டி." என்று எழுதாதீர்கள். 1 முதல் 80 வரை எண் மட்டும். எந்த எண் எந்தச் செடி என்பது நோட்டில், எண்ணப்போகிறவர் கண்ணில் படாமல் இருக்கட்டும். முடிவு தெரிந்த கண், அரை உயிராகக் கிடக்கும் புழுவைத் தனக்கு வேண்டிய பக்கம் எண்ணிவிடும். நேர்மையானவர்களுக்கும் இது நடக்கும்.

ஒரு செடியின் இலையிலிருந்து நான்கு துண்டு, நான்கு டப்பா, டப்பாவுக்கு ஒரே புழு. பத்துச் செடிக்கு 40 புழு ஒரு பக்கம், 40 மறு பக்கம். வெள்ளை நாடா இலைகளை முதலில் முடியுங்கள், பிறகு சிவப்பு. பி.டி. இலைச் சாறு கை, கத்தி, பிரஷ் வழியாக மறுபக்கம் போகாமல் இருக்கவே இந்த வரிசை. பிரஷும் பக்கத்துக்கு ஒன்று.

குஞ்சுப்புழுவைக் குத்தித் தூக்காதீர்கள். பிரஷை அருகில் வைத்தால் நூல் விட்டுத் தொங்கும். அந்த நூலைப் பிடித்து இலையில் இறக்கலாம். நன்றாக ஊர்ந்து திரியும் புழுவை மட்டும் எடுங்கள்.

சூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், மலையில் எல்லோரும் தோற்பது இங்கேதான். 27 டிகிரி, ஒன்றிரண்டு முன்பின் இருக்கலாம். மார்கழியில் இங்கே இரவு அறையில் அதற்கு வெகு கீழே இறங்கிவிடும். குளிரில் புழு தின்னாது. க்ரை புரதம் வயிற்றுக்குள் போய், காரத்தன்மையுள்ள குடலில் கரைந்து, குடல் சுவரைத் துளைத்தால்தான் புழு சாகும். தின்னாத புழுவை நச்சு எப்படிக் கொல்லும்? என் முதல் சோதனையில் நான்காம் நாள் பி.டி. இலையில் பாதிப் புழு உயிரோடு இருந்தது. வெள்ளை நாடா இலையில் புழு பொரிந்த அளவிலேயே நின்றிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் குளிர் என்று புரிந்தது.

கோழி முட்டை பொரிக்கும் பெட்டிக்குப் போடும் தெர்மோஸ்டாட்டைப் பெரிய தெர்மாகோல் பெட்டியில் பொருத்தி ஒரு சிறு பல்பைத் தொங்கவிட்டோம். பல்புக்கும் டப்பாவுக்கும் நடுவில் ஒரு தகடு. உள்ளே ஒரு கிண்ணம் தண்ணீர், காற்று உலராமல் இருக்க. இரண்டு வகை டப்பாவையும் கலந்து அடுக்குங்கள்; ஒரு வகை பல்பின் பக்கமும் மறுவகை மூலையிலும் இருக்கக் கூடாது. மழைக்காலத்தில் மின்சாரம் போனால் வெந்நீர் நிரப்பிய பாட்டில் இரண்டை உள்ளே வையுங்கள்.

9. எண்ணுவதும் கணக்கும்

24, 48, 72, 96 மணி நேரத்தில் எண்ணுங்கள்; கடைசியாக ஏழாம் நாள். இரண்டு நாளுக்கு ஒருமுறை அதே நாடாச் செடியிலிருந்து புது இலை மாற்ற வேண்டும். பிரஷால் மெல்லத் தொட்டு, அசையாவிட்டால் செத்தது. உயிர் இருக்கிறது, ஆனால் ஏழு நாளாகியும் முதல் தோலையே உரிக்கவில்லை என்றால் அதைத் தனிப் பத்தியில் எழுதுங்கள். அது வயலில் பிழைக்காத புழு. ஆனால் சாவோடு சேர்த்து எண்ணினால் பின்னால் சரிபார்க்க முடியாது. எவ்வளவு இலை தின்றது என்பதையும் கட்டத்தாளில் வைத்துக் குறியுங்கள்.

நடுவில் செத்த புழுவுக்குப் பதில் புதுப் புழு விடக் கூடாது.

ஏழாம் நாள் முதலில் பார்க்க வேண்டியது வெள்ளை நாடா பக்கம். அங்கே 20 சதவீதத்துக்கு மேல் சாவு என்றால் முழுச் சோதனையும் தள்ளுபடி. மனது கேட்காது, இருந்தாலும் தள்ளுங்கள். 5 முதல் 20 சதவீதம் என்றால் திருத்தக் கணக்கு: பி.டி. பக்கச் சாவு சதவீதத்திலிருந்து ஒப்பீட்டுச் சாவு சதவீதத்தைக் கழித்து, 100லிருந்து அதே ஒப்பீட்டுச் சாவைக் கழித்து வருவதால் வகுத்து, 100ஆல் பெருக்குங்கள்.

பி.டி. பக்கம் 40இல் 36 சாவு, அதாவது 90 சதவீதம். ஒப்பீட்டில் 40இல் 4, அதாவது 10 சதவீதம். 80ஐ 90ஆல் வகுத்தால் திருத்திய சாவு 88.9 சதவீதம்.

10. இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு வேறு வழி

இந்தப் புழு பூவிலும் காயிலும் புகுந்து வாழ்வது. இரண்டு புரதத்தையும் வென்ற இளஞ்சிவப்புக் காய்ப்புழு இந்தியாவில் வந்துவிட்டது. முதலில் க்ரை 1ஏசி மட்டும் இருந்த பருத்தியில் குஜராத்தில் பிழைத்தது. சில ஆண்டுகளிலேயே இரட்டைப் புரதப் பருத்தியிலும் பிழைத்தது. அதனால் இங்கே "பி.டி. போட்டும் ஏன் புழு" என்பதற்கு விதை போலி என்பது கடைசி விடையாக இருக்கட்டும்.

ஏக்கருக்கு 20 பச்சைக் காய், வயல் முழுதும் குறுக்கும் நெடுக்கும் நடந்து பறியுங்கள். பார்வைக்குச் சேதம் தெரியும் காயை மட்டும் பொறுக்குவதே வழக்கமான தவறு. புழு நுழைந்த துளை அடைபட்டுப் போவதால் வெளியே நல்லதாகத் தெரியும் காய்க்குள்ளும் புழு இருக்கும். பிளந்து, உள் சுவரில் கோடாகச் சுரண்டிய தடம், புழு, வெளியேறிய வட்டத் துளை மூன்றையும் தனித்தனியே எழுதுங்கள். 20இல் 2 காயில் புழு என்றால் 10 சதவீதம். அதற்கு மேல் போனால் கட்டுப்பாட்டு நடவடிக்கை எடுக்க வேண்டிய அளவு.

ஒரு காயில் சில விதையை மட்டும் புழு தின்றிருக்கும். ஒட்டு ரகச் செடியில் க்ரை 1ஏசி மரபணு ஒரு பிரதிதான் என்றால், அதன் காயில் நான்கில் ஒரு விதைக்கு அந்த மரபணு வராது. ஆகவே தின்ற விதையில் அல்ல, காயின் ஓட்டில் பட்டைச் சோதனை செய்யுங்கள்; ஓடு தாய்ச்செடியின் பாகம்.

11. பிழைத்த புழுவை என்ன செய்வது

முதலில் அது தின்ற இலையின் செடியை மறுபடி பட்டையால் சோதியுங்கள். நாடா மாறிக் கட்டியிருக்கலாம். இலை சரி என்றால் புழுவைத் தனியே வளர்த்து, கூட்டுப்புழுவாகிறதா என்று பாருங்கள். ஒரு சோதனையில் நான்கு புழு பிழைத்ததை எதிர்ப்புத் திறன் என்று அறிவிக்கக் கூடாது. அதை உறுதி செய்ய, நச்சைப் பல அளவுகளில் உணவில் கலந்து, பிழைத்தவற்றின் வாரிசுகளைச் சோதிக்கும் ஆய்வகம் வேண்டும். கோயம்புத்தூரில் மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையமும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. நோட்டின் நகல், செடி எண், விதைப் பாக்கெட்டின் லாட் எண், தெளிப்பு விவரம் எல்லாவற்றோடும் போங்கள்.

12. அறையைக் காலி செய்வது

ஒரு அந்துப்பூச்சிகூட வெளியே போகக் கூடாது. மலையில் பருத்தி இல்லாவிட்டாலும் பீன்ஸும் தக்காளியும் இருக்கின்றன, பச்சைக் காய்ப்புழு இரண்டையும் தின்னும். அதிலும் பி.டி. இலையில் பிழைத்த புழுவின் வாரிசை நாமே வெளியே விட்டதாகிவிடும். மிச்சப் புழு, முட்டைத் துணி, இலை எல்லாவற்றையும் கொதிநீரில் போட்டு, ஆறியபின் ஆழமாகப் புதையுங்கள். எருக்குழியில் கொட்ட வேண்டாம். டப்பாக்களை பிளீச்சிங் கரைசலில் ஓர் இரவு ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, அடுத்த 90ஆம் நாள் சோதனைக்கு எடுத்து வையுங்கள்.